குடிவைப்பு

ஒஸ்ட்ராவாவிலிருந்து கடலுக்குப் போக
எந்தத் திசையில் கிளம்பினாலும்
இன்னொரு நாட்டைக் கடக்க வேண்டும்.
ஆகவே மூன்றாம் மாடியில் நானே ஒன்றைக் கலக்கிக்கொண்டேன்:
நானூறு லிட்டர்,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
கீழ்வீட்டு வாவர்டா இன்றுவரை
தன் கூரையை அண்ணாந்து பார்த்தபடிதான் சாப்பிடுகிறார்.

இரண்டு வருடம் பவளம் மட்டுமே.
நகக்கண் அளவில் வாங்கிய துண்டு
இப்போது என் உள்ளங்கையை மூடும்.
நீல வெளிச்சத்தில் எல்லாம் அசைந்தன,
ஒன்றும் நகரவில்லை.
ரடோமில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான்
அந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

பகலில் எனக்கு நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்தில் வேலை.
குடிவர நினைப்பவரிடம் கேட்கும் கேள்விகள்
நாக்கு நுனியிலேயே இருக்கும்;
சனிக்கிழமை மீன்கடைக்கும் அவற்றையே கொண்டுபோனேன்.
சுறுசுறுப்பா? சுவரைக் கடிக்குமா?
பக்கத்து வீட்டோடு எப்படி?

"பட்டாம்பூச்சி மீனா?" போஹுஷ் உதட்டைப் பிதுக்கினான்.
"அழகுதான். உங்கள் பவளத்தை மொட்டு மொட்டாக மேய்ந்துவிடும்.
குட்டித் தேவதை மீன்
ஆறு மாதம் சாது, ஏழாம் மாதம் ருசி பார்க்கும்.
கிளாத்தியைக் கேட்கவே வேண்டாம்.
நத்தையை உடைத்துத் துப்பிவிட்டு
உங்கள் விரலை எடைபோடும்."
மஞ்சள் டேங்குக்கு என் தொட்டி ஒரு முழம் குறைச்சல்,
திரும்பித் திரும்பியே அதற்குப் பைத்தியம் பிடிக்குமாம்.
ஆந்தியாஸுக்கு நாளுக்கு மூன்று வேளை தீனி.
எனக்கே இரண்டு வேளைதான்.

"பவளத்தைத் தொடாது என்று உறுதி தருவீர்களா?"
"புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
மீனுக்குத்தான் படிக்கத் தெரியாது."

அந்த ஒரு பதிலுக்காக
அவனிடம் இரண்டு வாங்கினேன்:
பொன்னிறத்தில் ஒரு மைடாஸ் பிளென்னி,
அந்திச் சிவப்பில் ஒரு ஃபேரி ராஸ்.

வெளியே மைனஸ் ஒன்பது.
பைகளைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்து
டிராமில் ஏறினேன்.
ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
நான் மறுக்கவில்லை.

மூன்று வாரம் குளியலறையில் தனித்தொட்டி,
அதுதான் முன்பணம்.
பிறகு சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம்
என் கடலை அவற்றின் நீரில் கலந்து
விட்டேன்.

பிளென்னி நேராக ஒரு பொந்தைப் பிடித்தது.
தலையை மட்டும் நீட்டித் தெருவைப் பார்த்துவிட்டு
விலாங்காட்டம் நெளிந்து கிளம்பியது,
மாலைவரை வீடு திரும்பவில்லை.
ராஸ் இரண்டு நாள் தலைமறைவு.
மூன்றாம் நாள் காலை, நான் பல் துலக்கும்போது
யாரோ தீக்குச்சியைக் கிழித்ததுபோல
ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு.
டார்ச் பவளம் தன் விரல்களைச் சுருக்கவில்லை.
நான் நுரையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மேலே வலை கட்டச் சொல்லியிருந்தான் போஹுஷ்:
"ஓடுகிற மீன் தாவவும் செய்யும்.
ஒயர் போகிற இடுக்கைக்கூட விட்டுவிடாதீர்கள்."
இதை யாராவது எனக்குக்
கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த வீட்டில் என்னைவிட அதிகம் உப்பிட்டவர் யார்?
கண்ணாடியருகே போனால் இரண்டும் ஓடிவந்து
என்னைத் தாண்டி
இறால் டப்பாவைப் பார்க்கின்றன.

செவ்வாயன்று ஆவணப் பிரிவு ஓட்மார் தேநீருக்கு வந்தார்.
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்,
கண்ணாடியைத் தட்டவில்லை.
"இவ்வளவு ஓடுவது எங்கே தூங்கும்?" என்றார்.
விளக்கணைந்ததும் சிவப்பு டார்ச்சை அடித்துக் காட்டினேன்.
பாறையிடுக்கில் தன் கோழையாலேயே
கண்ணாடிபோல் ஒரு பை நெய்து
அதற்குள் படுத்திருந்தது ராஸ்.
விடிந்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.
தினமும் ஒரு புது வீடு, வாடகை கிடையாது.

ஓட்மார் மூச்சை அடக்கிப் பார்த்தார்.
தட்டவில்லை என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.
ஏழாம் மாதம் வரட்டும், பார்ப்போம்.